அடைக்காத கட்டம்

கொட்டச்சேடு, ஏற்காடு
5 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய ஜீவானந்தம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சௌமியா. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கொட்டச்சேடு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பழனிசாமி என் அப்பா. ‘சொல்வலை’ குறுக்கெழுத்துக்குக் கீழே உங்கள் முகவரி அச்சாகியிருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

நாங்கள் உங்கள் கட்டங்களைத் தினமும் நிரப்புகிறோம். ‘நாங்கள்’ என்றால் கடைக்கு வருகிற எல்லோரும். காலை முதல் பஸ்ஸில் ஒரே ஒரு பேப்பர்தான் வரும். அது பனியில் நனைந்து துணி மாதிரி இருக்கும். நான் பென்சிலால் லேசாக எழுதி, அடுத்தவருக்காக அழித்துக் கொடுப்பேன். திங்களன்று எல்லா விடைக்கும் தலை போயிருக்கும், செவ்வாயன்று எல்லாம் திரும்பி நிற்கும், புதனன்று எல்லாம் குழம்பிக் கிடக்கும் என்ற உங்கள் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ‘அரசன், தலையைக் காணோம்’ என்று நீங்கள் கேட்ட அன்று நான் ‘ன்னன்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் வேலைக்குப் போகும் காளியாயி அக்கா எட்டிப் பார்த்து, “தலையில்லாத ராசாவுக்குக் கட்டம் எதுக்கு கண்ணு, குழிதான் வெட்டோணும்” என்றார். கடையே சிரித்தது.

இப்போது என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாக நீங்கள் பழைய கட்டங்களையே திருப்பிப் போடுகிறீர்கள். சென்ற வருடம் இடமிருந்து வலமாக இருந்தது இப்போது மேலிருந்து கீழாக வருகிறது. போண்டா மடிக்க அப்பா வைத்திருக்கும் பழைய பேப்பர் கட்டில் தேடி எடுத்து ஒப்பிட்டேன். அதுவுமல்லாமல் பல நாட்களில் ஒரு கட்டம் அதிகமாக இருக்கிறது. விடை நான்கு எழுத்து, கட்டம் ஐந்து.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழ சீசனுக்காகப் புதிதாக ஒரு ரைட்டர் வந்திருக்கிறார். பறிக்கிறவர்கள் கொண்டுவரும் பழத்தை எடை போட்டுக் குறிக்கும் வேலை. அவர் உங்கள் கட்டத்தைப் பார்ப்பார், ஒரு எழுத்தும் எழுதமாட்டார், டீ ஆறுவதற்குள் எல்லா விடையும் தெரிந்துவிடும். ஒருநாள் மட்டும் அப்பாவின் பேனாவை வாங்கி, அந்த மிச்சக் கட்டத்தைக் கறுப்பாக அடைத்தார். “மறுபடியும் ஒண்ணு கூட” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் பழைய பேப்பரைத் தேடினேன்.

எங்கள் பாடத்தில் புகார்க் கடிதம் எழுதுவது எப்படி என்று இருக்கிறது. உரியவருக்கும் எழுத வேண்டும், மேலிடத்துக்கும் நகல் அனுப்ப வேண்டும். அதன்படி பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு நகல், ஆதாரக் கட்டங்களோடு, இன்றே அனுப்பியிருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள வாசகி,
ப. சௌமியா


அம்மாப்பேட்டை, சேலம்
9 நவம்பர்

சௌமியாவுக்கு,

கடிதம் என் கணவர் பெயருக்கு வந்தது. அவர் வீட்டில் இல்லை. நான் பிரித்தேன். என் பெயர் ராணி.

நீ கண்டுபிடித்தது சரி. கட்டங்களைத் திருப்பிப் போடுவது நான்தான். நான் கொலுசுப் பட்டறையில் தீ ஊதி மணி ஒட்டுகிறவள், எனக்குப் புதிதாகக் கட்டம் போடத் தெரியாது. அதை என்னிடம் மட்டும் கேட்டிருக்கலாம். ஆசிரியருக்கு எதற்கு அனுப்பினாய்? பாடத்தில் இருந்தால் செய்துவிட வேண்டுமா? அந்தக் கட்டத்தில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரியாதவள் கத்தரியை எடுக்கக் கூடாது.

இதை எழுதிவிட்டு அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் பதில் எழுது. அந்த ரைட்டர் பேப்பரை எப்படி மடிப்பார்? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே.

ராணி


கொட்டச்சேடு
13 நவம்பர்

மதிப்பிற்குரிய ராணி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்பா கேட்டதற்குப் புகை என்றேன். ஆசிரியரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. வராமலே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அவர் பேப்பரை எட்டாக மடிப்பார். கட்டம் மட்டும் வெளியே தெரியும். மடிப்பை நகத்தால் அழுத்தி இழுப்பார். பிறகு தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறிப்பாகப் பெருவிரலால் மூடிக்கொண்டே போவார்.

நீங்கள் கேட்காததையும் எழுதுகிறேன். அவர் ஒல்லி, வலது காதுக்கு மேல் நரை. எங்கள் கடை வாசலில் ரோட்டைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை தொங்கும். பஸ் நேரமும் அன்றைய பலகாரமும் அதில் எழுதியிருக்கும். வந்த முதல் வாரத்திலேயே அதில் சேலம் பஸ் நேரத்தை அழித்துச் சரியாக எழுதினார். அப்பாவுக்குக் கோபம். “ஏனுங்க ரைட்டருங்க, பத்து நிமிசம் முன்னப்பின்ன இருந்தா என்னங்க?” என்றார். அதற்கு அவர், “பலகாரம் தப்பா இருந்தா பசி தீர்ந்துரும்ங்க. பஸ்ஸு நேரம் தப்பா இருந்தா ஒரு ஆளு நின்னு போயிருவாங்க” என்றார். அப்பா விடவில்லை. “அப்ப எங்க டீயில எதாச்சும் பிழை இருக்குதுங்களா?”

“சக்கரை ஒரு எழுத்து கூட இருக்குதுங்க.”

அன்றிலிருந்து அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் பெயர் கேட்டால் சொல்லமாட்டார். “ரைட்டருன்னே கூப்பிடுங்க” என்பார்.

அம்மா, நான் முட்டாள் இல்லை. அவர் உங்களுக்கு வேண்டியவரா?

சௌமியா


சேலம்
17 நவம்பர்

சௌமியா,

நகத்தால் அழுத்தி இழுப்பார் என்று நீ எழுதிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர்தான்.

என்னை அம்மா என்று கூப்பிடாதே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா என்று எழுது.

அவர் பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். சித்திரையில் அந்த வேலையே வேண்டாம் என்று பிழை திருத்துகிற எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். இவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன்பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புவார். பழைய பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாலையில் வருவார். நான்கு மாதம். எதிர்வீட்டு மரியா என்பவள்தான் அங்கே பார்த்துவிட்டு, “என்ன ராணி, உங்கூட்டுக்காரரு பெஞ்சுலயே குடியிருக்காரு?” என்று கேட்டாள்.

நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் மனதில் இருந்ததை எல்லாம் எழுதி டிபன்பாக்ஸுக்குள் வைத்தனுப்பினேன். மாலையில் பாக்ஸில் அதே தாள் இருந்தது. பதில் எழுதியிருப்பார் என்று பிரித்தேன். சிவப்பு மையில் திருத்தியிருந்தார். ஒற்று விட்ட இடம், காற்புள்ளி, எல்லாம். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

நான் கத்தினேன். “உம்பொழப்புல இருக்கற பிழையத் திருத்தத் துப்பில்லை, எங்காயிதத்தைத் திருத்தறயா? எங்கண்ணு முன்னால நிக்காத, போ” என்றேன். விடிந்தபோது ஆள் இல்லை. செல்போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. பிறகு ஒரு தபால் அட்டை: ‘நலம். தேட வேண்டாம்.’

குறுக்கெழுத்தை மட்டும் அவர் வீட்டிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தார். அதை நான் தொடர்ந்து அனுப்பினேன். எங்கே இருந்தாலும் காலையில் அதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. முதல் தடவை ஒரு கட்டம் அதிகமானது தெரியாமல் நடந்தது. நான் எதை எண்ணினாலும் ஒன்று கூடிவிடும், வீட்டில் அவர் கட்டத்தை நான் படி எடுத்தாலும் ‘ச்சு’ என்று சொல்லி மிச்சத்தை அவர் அடைப்பார். பிறகு தெரிந்தே போட்டேன். பிழையைப் பார்த்தால் பொறுக்கமாட்டார், திட்டியாவது ஒரு கடிதம் எழுதுவார் என்று காத்திருந்தேன். உன் கடிதம் வந்தது.

அவரிடம் ஒன்றும் சொல்லாதே. உன் அப்பாவிடமும் வேண்டாம். நான் மலையேறி வந்து அவர் முன்னால் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு கூட வருவார். பிடித்து வந்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவராக வர வேண்டும்.

சாப்பிடுகிறாரா? ஸ்வெட்டர் இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

ராணி


கொட்டச்சேடு
24 நவம்பர்

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

நேற்றுப் பேப்பரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘பழைய கட்டங்களே மீண்டும் வருவதைக் கொட்டச்சேடு மாணவி ப. சௌமியா ஆதாரத்துடன் சுட்டிக்காட்டியதால் சொல்வலை நிறுத்தப்படுகிறது. மாணவிக்குப் பாராட்டுகள்.’ இன்று பள்ளியில் காலைக் கூட்டத்தில் இதை வாசித்துக் கைதட்டினார்கள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நேற்று வழக்கம்போல் வந்தார். பேப்பரை மடித்தார். மடித்த இடத்தில் கட்டம் இல்லை. விரித்துத் தேடினார், பிறகு அந்தக் குறிப்பைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“சௌமியாங்கறது நீதான கண்ணு?”

“ஆமாங்க.”

“சரியாத்தான் எழுதியிருக்கற. ஒண்ணும் தப்பில்ல.”

அவ்வளவுதான். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இன்று வரவில்லை. “என்னாச்சு ரைட்டருக்கு, நம்ம டீ கசந்துபோச்சா?” என்று அப்பா வாசலை வாசலைப் பார்க்கிறார்.

சாப்பாடு பற்றிக் காளியாயி அக்காவிடம் கேட்டேன், அவர் அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். “களி திங்கப் பழகிட்டாரு. ஆனா நொம்ப எளைச்சுட்டாரு கண்ணு” என்றார். ஸ்வெட்டர் இல்லை. காப்பிச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாராம். தை பிறப்பதற்குள் பறிப்பு முடிந்துவிடும். அதன் பிறகு குடகுப் பக்கம் போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அக்கா, பேப்பரில் ஒரு விளம்பரம் போல, விடைகளைச் சேர்த்தால் உங்கள் செய்தி வருகிற மாதிரி ஒரு கட்டம் போடச் சொல்லலாமா? அல்லது நானே போய்ச் சொல்லட்டுமா? என்னால் தூங்க முடியவில்லை.

சௌமியா


சேலம்
28 நவம்பர்

சௌமியா,

செய்தி எல்லாம் வேண்டாம். செய்தி என்றால் படித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்துவிடுவார். பிழையை மட்டும்தான் அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. இனி பிழை போடவும் எனக்கு இடம் இல்லை.

உன்னைத் திட்டுவதற்கு உட்கார்ந்தேன். நீ நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் செய்கிற கெடுதலை யாரிடம் போய்ச் சொல்வது?

இனி எழுத வேண்டாம். பரீட்சைக்குப் படி.

ராணி


கொட்டச்சேடு
8 டிசம்பர்

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னியுங்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் கடைக்குள் வருவதில்லை. ஆனால் எடை போடும் ஷெட்டுக்குப் போக எங்கள் ரோட்டைத் தவிர வேறு வழி கிடையாது. தலையில் சாக்கோடு குனிந்து போவார். அதனால் கரும்பலகையில் பலகாரத்தின் பெயர்களை அழித்துவிட்டு, ஒரு சின்னக் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தேன். பஸ் நேரத்தை மட்டும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன். அப்பா, “ஏஞ்சாமி, இன்னைக்கு என்ன பலகாரம்னு கேட்டா நான் மேலிருந்து கீழுன்னு சொல்லட்டுமா?” என்றார். ஆனால் அழிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் அதிகமாக வைத்தேன். அக்கா, நான் இதற்கு முன் வேண்டுமென்றே தப்பு செய்ததில்லை. அது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. கை தானாகச் சரியாக எழுதப் போகிறது. கடையில் எல்லோரும் கேலி செய்தார்கள். “பேப்பர்க்காரன் தப்பைக் கண்டுபிடிச்ச புள்ளைக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியலீங்களே” என்றார் பால்காரர். பொறுத்துக்கொண்டேன். நாள்தான் போயிற்று. அவர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று காலை அப்பா கடை திறந்தபோது நான் விளக்குமாறோடு பின்னால் நின்றேன். பலகை ஈரமாக இருந்தது. ‘கலைந்து கிடக்கும் நம் பக்கத்து ஊர்’ என்று கரடியூருக்குக் குறிப்பு கொடுத்து, ஐந்துக்குப் பதில் ஆறு கட்டம் வைத்திருந்தேன். ஆறாவது கட்டம் சாக்பீஸால் முழுக்க அடைக்கப்பட்டிருந்தது. ஓரம் பிசகாமல்.

இனி என்ன செய்யட்டும்? எனக்குச் சொற்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன.

சௌமியா


சேலம்
11 டிசம்பர்

சௌமியா,

முன் கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு.

இத்துடன் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். இது பழையதைத் திருப்பியது இல்லை. நானே போட்டது, என் ஆயுளில் முதல் தடவை. பட்டறையில் பிரபாகர் என்ற பையன் அளவுகோல் கொடுத்தான், அப்படியும் கோடு கோணல். உனக்குச் சிரிப்பு வரும். இதில் எதுவும் தலை போகாது, திரும்பாது, குழம்பாது. எல்லாம் நேரான சொற்கள். ‘நிறைந்து போய்க் காலியாய் வருவது’: டிபன்பாக்ஸ். ‘குளிருக்குப் போடுவது’: ஸ்வெட்டர். ‘கொலுசில் உண்டு, இப்போது இந்த வீட்டில் இல்லை’: சத்தம். இது செய்தி இல்லை. யோசித்தால் எனக்கு இவைதான் வருகின்றன.

கடைசிச் சொல் ஏற்காடு. நான்கு எழுத்து. ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை தெரிந்து போட்டேனா தெரியாமல் போட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்படியே எழுது. திருத்தாதே.

ராணி


கொட்டச்சேடு
16 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மாலையே உங்கள் கட்டத்தைப் பலகையில் எழுதினேன். கோணல் கோட்டையும் கோணலாகவே போட்டேன். இன்று காலை பனி இறங்கி எதிர்ப்பக்கத்து சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. நான் பெஞ்சில் பொருளியல் புத்தகத்தை விரித்துப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். பலகையைத் தாண்டிப் போனார். நான்கு அடி போய் நின்றார். திரும்பி வந்தார்.

ரொம்ப நேரம் படித்தார். தலையில் இருந்த சாக்கை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, அக்கா, எழுத ஆரம்பித்தார். அவர் விடை எழுதி நான் பார்த்ததே இல்லை. டிபன்பாக்ஸ் எழுதினார். ஸ்வெட்டர் எழுதினார். ‘சத்தம்’ எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. குனிந்து துண்டைத் தேடி எடுத்து எழுதி முடித்தார்.

“இது நீ யோசிச்சதில்லையே கண்ணு” என்றார்.

“இல்லீங்க.”

யார் என்று கேட்கவில்லை. ஏற்காடு எழுதினார். ஐந்தாவது கட்டம் சும்மா நின்றது. நான் காத்திருந்தேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். என்னால் அடக்க முடியாமல், “ஐயா, ஒரு கட்டம் மிச்சம் நிக்குதுங்க” என்று விரலால் காட்டினேன். அவரிடம் ஒன்றும் சொல்லாதே என்ற உங்கள் சொல்லை மீறினேனோ தெரியவில்லை.

“நிக்கட்டும் கண்ணு” என்றார். “அது அப்படியே இருக்கட்டும்.”

அப்பா டீ கொண்டுவந்தார். அதில் ஆடை கட்டும் வரை அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். சாக்கைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பிழையை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது என்றீர்களே. நான் காட்டிய பிறகும் விட்டுவிட்டாரே. முன்பு பேனா வாங்கி அடைத்த மனிதர் இவர் இல்லை போலிருக்கிறது. அவருக்கு எல்லாம் விட்டுப்போய்விட்டதா? நான் மறுபடியும் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

நான்கு வரி ஆனாலும் பதில் போடுங்கள்.

சௌமியா


சேலம்
18 டிசம்பர்

கண்ணு,

நீ ஒன்றையும் கெடுக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய எதையும் அவர் அடிக்காமல் விட்டதில்லை. பால் கணக்கு, மளிகைச் சீட்டு, மரியாவின் பேத்திக்கு நான் எழுதிய பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். அன்றைக்கு அந்தக் காலண்டர் தாளிலும் இருந்தது. நேற்று முன்தினம்தான் முதல் தடவையாக என் கட்டம் ஒன்றை அப்படியே விட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஸ்வெட்டர் எடுத்துவைத்துவிட்டேன். டிபனும் கட்டிக்கொண்டு வருவேன். நான் வருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டாம்.

இனி பலகையில் புதிதாகக் கட்டம் போடாதே. அதில் இருக்கிற என் கட்டத்தையும் அழிக்காதே. பக்கத்தில் ‘ஞாயிறு, சேலம் பஸ்’ என்று மட்டும் எழுதி, அது வந்து நிற்கும் நேரத்தைப் போடு. நேரத்தைச் சரியாக எழுது, கண்ணு. நிற்க விரும்புகிறவர் வந்து நிற்கட்டும்.

அக்கா